முதலில் திசு, பிறகு மாத்திரை

இதயத்தில் புற்றுநோய் வருமா என்று கேட்காதவர் எங்கள் சொந்தபந்தத்தில் ஒருவரும் பாக்கி இல்லை. நுரையீரலில் வரும், கல்லீரலில் வரும், எலும்பில்கூட வரும். ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கிற சதையில் எப்படி வரும் என்பது அவர்கள் வாதம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிது. பிணக்கூறாய்வுக் கணக்குகளில் பொதுவாகப் பத்தாயிரத்துக்கு இரண்டு மூன்றுதான் என்கிறார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை புற்றல்லாத சாதுக் கட்டிகள். நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா இதயத்திலேயே தொடங்குவது அந்தச் சிறு கூட்டத்திலும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றோ இரண்டோ, அரச்சலூர்ப் பக்கம் மஞ்சள் விளைவிக்கும் என் தாய்மாமாவுக்கு வந்தது.

மாசி மாதம், மஞ்சள் வேகவைக்கும் சமயம். மாமாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது; பீடி, சுருட்டு, வெற்றிலை எதுவும் கிடையாது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. கொப்பரை ஆவியும், பாலிஷ் போடும்போது பறக்கும் தூசியும்தான் காரணம் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். ஊர் மருத்துவரும் அதை ஒப்புக்கொண்டு ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து கொடுத்தார். அத்தைக்குத்தான் ஒன்று உறுத்தியது. காலையில் எழும்போது மாமாவின் முகம் ஊதியிருந்தது, மதியத்துக்குள் வற்றியது. சட்டைக் கழுத்துப் பொத்தான் மாட்ட வரவில்லை. "தூசி மூச்சை அடைக்கும், முகத்தையுமா வீங்கவைக்கும்?" என்று அத்தை கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க மருத்துவப் படிப்பு தேவைப்படவில்லை.

ஈரோட்டில் ஒரு மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, உடனே இசிஜி எடுக்கச் சொன்னார். நிமிடத்துக்கு நாற்பதை ஒட்டித் துடித்துக்கொண்டிருந்தது. இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கடத்தும் பாதை அறுந்து அறுந்து வேலை செய்தது. ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவில் மேலும் இரண்டு செய்திகள் கிடைத்தன. இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்திருந்தது. வலது மேலறைச் சுவரில் அகலமாக ஒட்டிக்கொண்டு ஒரு கட்டி இருந்தது.

மூச்சு, முகம், நாடி ஆகிய மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை என்பது அப்போதுதான் விளங்கியது. தலை, கழுத்து, கைகளின் ரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய சிரை வலது மேலறையில்தான் வந்து விழுகிறது. அந்த வாசலைக் கட்டி குறுக்கினால், படுத்து எழும் நேரத்தில் முகம் ஊதும். மேலறையும் கீழறையும் சேரும் பள்ளத்துக்குள் கட்டி இறங்கினால் மின்பாதை பழுதாகும். உறையில் நீர் கோத்தால் இதயம் விரிந்து ரத்தத்தை ஏற்க இடம் கிடைக்காது. எல்லோருக்கும் அந்த உறைக்குள் சிறிது நீர் உண்டு, ஆனால் ஐம்பது மில்லிக்குள்தான். மாமாவிடமிருந்து ஊசி வைத்து வடித்தது அதைப்போல் பல மடங்கு. வடித்த அன்று இரவு அவர் படுத்துத் தூங்கினார். நோய் போய்விட்டது என்று உறவினர் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பினார்கள்.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம் அதற்கு அடுத்து நடந்ததுதான்.

வடித்த நீரில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் நிறைய இருந்தன. ஏடிஏ என்ற நொதியின் அளவு 40-ஐத் தாண்டியிருந்தது. நம் நாட்டில் இந்த இரண்டும் சேர்ந்தால் மருத்துவர் மனம் காசநோய்க்குத்தான் போகும். அதில் குறை காண எனக்கு மனமில்லை. இதய உறையில் நீர் கோப்பதற்கு இந்தியாவில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோயைத்தான். எங்கள் பகுதிக்கு அந்த நோய் புதியதும் அல்ல. பெருந்துறையில் காசநோய்க்கென்றே ஒரு சானடோரியம் இருந்தது. அந்தப் பெயர் இன்றும் அஞ்சல் முகவரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறுவயதில் ஒருவர் நீண்ட நாள் இருமினால் "பெருந்துறைக்குக் காட்டினீர்களா?" என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள்.

ஆனால் ஏடிஏ காசநோய்க்கு மட்டும் சொந்தமான நொதி அல்ல. லிம்ஃபோசைட்டுகள் மும்முரமாக இருக்கும் எந்த இடத்திலும் அது ஏறும். லிம்ஃபோமா என்பதே லிம்ஃபோசைட்டுகள் கட்டுமீறிப் பெருகும் நோய். அதில் ஏறாமல் எதில் ஏறும்? அந்த எண்ணைப் பார்த்ததும், நாங்கள் அப்போதிருந்த மருத்துவமனையில் காசநோய்க்கான நான்கு மருந்துகளை எழுதினார்கள். உறை இறுகிப்போகாமல் இருக்கக் கூடவே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டையும் எழுதினார்கள். கட்டியைப் பற்றிக் கேட்டபோது, "அதுவும் இதில் கரைந்துவிடும்" என்றார்கள்.

கரைந்திருக்கும். அதுதான் ஆபத்து. லிம்ஃபோமா அணுக்களுக்கு ஸ்டீராய்டு நேரடி விஷம். சில நாட்களிலேயே அவை கூட்டமாகச் சாகத் தொடங்கும், நீர் வற்றும், முகவீக்கம் இறங்கும், நோயாளி எழுந்து நடப்பார். காசநோய் மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் மகிழ்வார்கள். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது கட்டி திரும்பி வரும், பல சமயம் முன்னைவிட வேகமாக. சந்தேகம் வந்து நடுவில் திசு எடுத்தாலும், செத்த அணுக்களும் தழும்பும்தான் நுண்ணோக்கியில் தெரியும். நோயின் பெயரைச் சொல்ல முடியாமல் போய்விடும்.

மாத்திரை எழுதிய அன்று மாலையே மாமாவின் நாடி மறுபடி விழுந்து, மின்துடிப்பு கொடுத்து இதயத்தை ஓட்டும் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியோடு கோயம்புத்தூருக்கு மாற்றினார்கள். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அத்தையின் பையிலேயே இருந்தது. அங்கே பார்த்த இதய மருத்துவரின் முதல் கேள்வி, "ஸ்டீராய்டு ஏதும் ஆரம்பித்துவிட்டீர்களா?" என்பது. இல்லை என்றதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "காசநோயாகவும் இருக்கலாம் அம்மா. இருந்தால் நான்கு நாள் தாமதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது. வேறாக இருந்து இந்த மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டால், பிறகு என்னவென்றே கண்டுபிடிக்க முடியாது. திசு கையில் வரட்டும்" என்றார்.

நான்கு நாள் காத்திருப்பது எல்லா நோயாளிக்கும் முடிகிற காரியம் அல்ல. மூச்சு முட்டிச் சாகக்கிடப்பவருக்கு மருத்துவர்கள் வேறு முடிவு எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். மாமாவுக்கு நீரை வடித்தாகிவிட்டது, கம்பி நாடியைத் தாங்கியது. அவகாசம் இருந்தது.

இதயக் கட்டியைப் படம்பிடிக்க எம்ஆர்ஐதான் சிறந்தது என்கிறார்கள். தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி உள்ளே இருக்கும்போது அந்த இயந்திரத்துக்குள் போக முடியாது. ஆகவே சிடியும் பெட்-சிடியும் எடுத்தார்கள். பெட் ஸ்கேனில் கதிரியக்கச் சர்க்கரையை ஊசி மூலம் செலுத்தி, எந்தத் திசு அதை அதிகம் விழுங்குகிறது என்று பார்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், ஆரோக்கியமான இதயத்தசையும் சர்க்கரை தின்னும். அதை வேறு உணவுக்குத் திருப்பினால்தான் கட்டி தனியாகத் தெரியும். அதற்காக முந்தைய நாள் சோறு, இட்லி, பால், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முட்டையும் எண்ணெயில் வறுத்த கோழியும் மட்டும் சாப்பிட்டு, பிறகு இரவு முழுவதும் பட்டினி இருக்கச் சொன்னார்கள். இதய நோயாளியிடம் கொழுப்பாகப் பார்த்துச் சாப்பிடச் சொல்லும் மருத்துவமனையை மாமா அதுவரை கேள்விப்பட்டதில்லை. அரிசியும் பருப்பும் சாதம் இல்லாமல் இரவு கழியாத மனிதர், கோழியை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை, இது வைத்தியமா, விருந்தா?" என்றார் என்னிடம்.

பெட் படத்தில் இதயத்தின் வலப்பக்கம் மட்டும் எரிவதுபோல் ஒளிர்ந்தது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எங்கும் நெறி கட்டியிருக்கவில்லை; வயிறும் சுத்தம். வேறு இடத்து லிம்ஃபோமா முற்றி இதயத்தைத் தொடுவது இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அதையும் பார்த்தே ஆக வேண்டும். சிடியில் இன்னொரு குறிப்புக் கிடைத்தது. இதயத்தின் வலது ரத்தக்குழாயைக் கட்டி முழுவதுமாகச் சூழ்ந்திருந்தது, ஆனால் நெரிக்கவில்லை. உள்ளே ரத்தம் தடையின்றி ஓடியது. லிம்ஃபோமாவின் குணம் அது என்றார் ஸ்கேன் மருத்துவர். சாதுக் கட்டிகளில் முக்கியமான மிக்சோமா என்றால் நான்கில் மூன்று இடது மேலறையில் காம்பு வைத்துத் தொங்கும். ஆஞ்சியோசர்க்கோமா என்ற கொடியது வலப்பக்கம் வரும், ஆனால் திசுவைக் கிழித்து ரத்தம் கசியவைக்கும். இவையெல்லாம் ஊகத்தைக் கூர்மையாக்கும் குறிப்புகள் மட்டுமே. படத்தை வைத்துக் கீமோதெரபி கொடுப்பதற்கில்லை.

திசு எடுக்கக் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. பங்காளிகளில் மூத்தவர் ஒருவர், கத்தி பட்டால் கட்டி உடம்பெல்லாம் பரவிவிடும் என்றார். இன்னொருவர், எடுப்பதென்றால் நெஞ்சைத் திறந்து முழுவதையும் எடுத்துவிட வேண்டியதுதானே என்றார். முதலாமவர் சொன்னது லிம்ஃபோமாவைப் பொறுத்தவரை ஆதாரமில்லாத பயம். இரண்டாமவர் சொன்னதில் அர்த்தம் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் லிம்ஃபோமா ரத்த அணுவின் நோய். அறுத்து எடுப்பதால் அது குணமாவதில்லை, மருந்தில்தான் குணமாகும். நெஞ்சைத் திறந்த காயம் ஆறும்வரை மருந்து தள்ளிப்போவதுதான் மிச்சம். அடைப்பு உயிருக்கு உலைவைக்கும்போதோ, வேறு வழியில் திசு கிடைக்காதபோதோ மட்டும் அறுவை மருத்துவரைக் கூப்பிடுவார்கள். இதை அத்தைக்கு நான் சொன்னேன், பங்காளிகளுக்கு அத்தை சொன்னார். அவர் குரலில் சொன்னால்தான் எடுபடும்.

தொடைச் சிரை வழியாக ஒரு நீண்ட குழாய். அதன் நுனியில் கவ்வும் இடுக்கி. உணவுக்குழாய்க்குள் இறக்கிய எக்கோ கருவி வழிகாட்ட, துடிக்கும் இதயத்துக்குள் கட்டியின் மேல் இடுக்கி கவ்வியது. சுவர் துளைபடும் அபாயமும், துணுக்கு உடைந்து நுரையீரலுக்குப் போகும் அபாயமும் இதில் உண்டு என்று எழுதித் தந்திருந்தார்கள். வெளியே வந்தவை அரிசிக் குருணை அளவுத் துணுக்குகள். அவை ஃபார்மலின் பாட்டிலில் போய், மெழுகுக் கட்டியாகி, மயிரிழையினும் மெல்லிய சீவல்களாகிக் கண்ணாடித் தகட்டில் ஏறின. சாதாரணச் சாயத்தில் பெரிய பெரிய லிம்ஃபோசைட்டுகள் பரந்து கிடந்தன. பிறகு எதிர்ப்பொருள் சாயங்கள். இங்கே சிடி என்பது ஸ்கேன் அல்ல, அணுவின் மேலுள்ள அடையாளங்களின் பெயர். சிடி20-க்கான சாயம் ஒட்டியது, சிடி3-க்கானது ஒட்டவில்லை, ஆகவே லிம்ஃபோசைட்டுகளில் பி-வகை. பரவலான பெரிய பி-அணு லிம்ஃபோமா என்று அறிக்கை வந்தது. இதயத்தில் தொடங்கும் லிம்ஃபோமாக்களில் மிகப் பெரும்பான்மை இந்த வகைதான்.

அறிக்கையில் கையெழுத்திட்ட நோய்க்குறியியல் மருத்துவரை நாங்கள் பார்த்ததே இல்லை. மருத்துவமனை வாசலில் பெயர்ப்பலகையில் கொட்டை எழுத்தில் இருப்பவர்களில் அவர் இல்லை. என் கணக்கில் இந்த வைத்தியத்தின் முக்கால்வாசி அவருடையது.

ஹெச்ஐவி, மஞ்சள்காமாலை பி ஆகிய பரிசோதனைகளுக்கு எழுதியபோது அத்தையின் முகம் கறுத்தது. நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு இந்த லிம்ஃபோமா அதிகம் வரும் என்பதால் முதலாவதைக் கேட்கிறார்கள். அடுத்துக் கொடுக்கப்போகும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து உடம்பில் உறங்கிக் கிடக்கும் மஞ்சள்காமாலை வைரஸை எழுப்பிவிடும் என்பதால் இரண்டாவது. எல்லோரிடமும் கேட்பதுதான். இரண்டும் இல்லை என்று வந்தது.

சிகிச்சைக்கு ஆர்-சாப் என்று பெயர். ஐந்து மருந்துகளின் கூட்டு. இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை, வழக்கமாக ஆறு சுற்று. 'ஆர்' என்பது ரிட்டுக்ஸிமாப், சிடி20 என்ற அந்த அடையாளத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள். அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. 'சாப்' என்ற பழைய நான்கு மருந்துகளோடு இதைச் சேர்த்தால் அறுபது வயதைத் தாண்டியவர்கள் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று 2002-இல் வெளியான பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வு காட்டியது. அந்த மருந்தின் விலை சாமானியருக்கு எட்டாமல் இருந்த காலத்தில், 2007-இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதற்கு இணையான உள்நாட்டு மருந்தை வெளியிட்டது. மாமாவைப் போன்றவர்கள் நிலத்தை விற்காமல் இந்தச் சிகிச்சையைப் பெற முடிகிறது என்றால் அதற்கு அது ஒரு காரணம்.

'சாப்'பில் உள்ள வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. மாமாவின் களத்து ஓரம் ஆடுகூடச் சீண்டாமல் பூத்துக்கிடக்கும் அதே செடி. டாக்ஸோரூபிசின் இத்தாலிய மண்ணில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரின் வழி வந்தது. செக்கச்செவேல் என்றிருக்கும், ஏற்றிய அன்று சிறுநீரும் சிவக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீட்டார் ரத்தம் என்று பதறுவார்கள். கடைசி மருந்து, அத்தையின் பையில் பிரிக்காமல் கிடந்த அதே பிரெட்னிசலோன்.

இதயத்தில் இருக்கும் லிம்ஃபோமாவுக்கு இந்தக் கூட்டைக் கொடுப்பதில் இரண்டு வில்லங்கங்கள் உண்டு. டாக்ஸோரூபிசின் இதயத்தசையையே பலவீனப்படுத்தக்கூடிய மருந்து. வாழ்நாளில் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம்வரைதான் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். சுற்றுக்கு 50 வீதம் ஆறு சுற்றுக்கு 300 வரும், எல்லைக்குள்தான். ஆனாலும் ஏற்கெனவே அடிபட்ட இதயம் என்பதால் இடையிடையே எக்கோ எடுத்துத் துடிப்பின் வலுவை அளந்தார்கள். இன்னொரு வில்லங்கம் எனக்குப் புதியது: மருந்து அளவுக்கு மீறி வேகமாக வேலை செய்தால் என்ன ஆகும்? சுவரின் முழுக் கனத்தையும் கட்டி பிடித்திருக்கும் இடத்தில், அது ஒரேயடியாகக் கரைந்தால் சுவர் கிழியலாம், துடிப்பு தாறுமாறாகலாம், துணுக்குகள் நுரையீரலை அடைக்கலாம். அதனால் முதலில் சில நாட்கள் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்துக் கட்டியை மெல்லச் சுருக்கினார்கள். முதல் சுற்றைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் திரையைப் பார்த்துக்கொண்டே, அளவைக் குறைத்து ஏற்றினார்கள். கண்டுபிடிப்பதற்கு முன்பு எதிரியாக இருந்த மாத்திரை, கண்டுபிடித்த பிறகு முன்வரிசைக்கு வந்துவிட்டது.

ரிட்டுக்ஸிமாப் முதல்முறை ஏறும்போது மாமாவுக்குக் குளிர்நடுக்கம் எடுத்தது. சொட்டு வேகத்தைக் குறைத்ததும் நின்றது. நாடி முதல் சுற்றுக்குப் பிறகு தானாகவே ஒழுங்குக்கு வந்தது. நிரந்தர பேஸ்மேக்கர் வைப்பதைத் தள்ளிப்போட்டுப் பார்ப்போம் என்று இதய மருத்துவர் சொன்னது பலித்து, கம்பியை எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு பேஸ்மேக்கர் தேவைப்பட்டுவிடும்.

வீட்டில் பெரிய தொல்லை நோயைவிட, நலம் விசாரிக்க வருபவர்கள். வெள்ளணு குறையும் நாட்களில் தொற்று வந்தால் ஆபத்து, காய்ச்சல் அடித்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வராவிட்டால் பகை, வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்காவிட்டால் பாசமில்லை. அத்தை வாசல் திண்ணையிலேயே நாற்காலி போட்டு, காபி கொடுத்து அனுப்பினார். கோபித்துக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வந்தவர்களில் பாதிப்பேர் மஞ்சள் சாப்பிட்டால் புற்றுநோய் போய்விடும் என்று சொன்னார்கள், அதுவும் மாமாவிடம்! 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளை நாற்பது ஆண்டுகளாக வேகவைத்து, காயவைத்து, அந்தத் தூசியையே மூச்சாக இழுத்த மனிதரிடம். "மஞ்சள் காப்பாற்றுவதென்றால் என்னை முதலில் காப்பாற்றியிருக்க வேண்டுமே" என்று அவர் சிரித்தார். குழம்பில் போடும் மஞ்சளால் ஒன்றும் இல்லை, செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளை மட்டும் தொட வேண்டாம் என்றார் புற்றுநோய் மருத்துவர். அவற்றால் கல்லீரல் பழுதான நிகழ்வுகள் உண்டு. கீமோ மருந்துகளும் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும்.

செலவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வரம்பு உண்டு. அட்டை இருந்தால், சேருகிற அன்றே காப்பீட்டு மேசைக்குப் போய்விடுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்கும்போது அவர்களும் திசு அறிக்கையைத்தான் முதலில் கேட்டார்கள்.

எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. இதய மருத்துவரும், ரத்தப் புற்றுநோய் மருத்துவரும், நோய்க்குறியியல் மருத்துவரும் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் இடமா என்று கேட்டுப் பாருங்கள் என்கிறேன். நெஞ்சில் நீர் என்று சொல்லி அவசரமாகக் கையில் மாத்திரை கொடுத்தால், கட்டியும் இருக்கிறதா, இருந்தால் திசு எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். மருத்துவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசிச் சுற்றுக்குப் பிறகு எடுத்த பெட் ஸ்கேனில் ஒளிரும் இடம் எதுவும் தெரியவில்லை. இப்போது குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் நடக்கின்றன. இதயத்தின் துடிப்பு வலு முன்பைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதற்குத் தனி மாத்திரை. விரல் நுனிகளில் மரத்த உணர்வு இன்னும் போகவில்லை. வின்கிரிஸ்டின் விட்டுச்சென்றது, மெல்லத்தான் குறையும் என்கிறார்கள். வைகாசியில் மஞ்சள் நடவை மகனிடம் விட்டுவிட்டார், ஆனால் விதைக்கிழங்கைத் தானே பொறுக்குவேன் என்கிறார். அதைப் பற்றி அத்தைக்கும் அவருக்கும் தகராறு நடந்துகொண்டிருக்கிறது.